பார்டர் சுகரும் ஒரு ஜெராக்ஸ் தாளும்

ஈரோட்டில் காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்தால் சாயங்காலம் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. லண்டனில் இதற்குப் படும் பாட்டை நினைத்தால் கும்பிடத் தோன்றும். எரிச்சல் அதற்குப் பிறகுதான்.

ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரையைச் சொல்லும் எண், 5.8%. "பார்டருங்க, இதுல இருக்கறாப்ல சாப்பிட்டுக்குங்க" என்று கவுன்ட்டரில் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டுகிறார்கள். இதே 5.8 இங்கிலாந்தில் வேறு அலகில் 40 என்று அச்சாகும், நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே 42-இல்தான் மணியடிக்கும். ஊரில் அமெரிக்கக் கணக்கு: 5.7 முதல் 6.4 வரை பார்டர், அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை. இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகை இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினை யாரும் கேட்கவில்லை.

தாளில் இருந்தது: அரிசி வேண்டாம், இரவு 3 சப்பாத்தி, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, ராகிக் கஞ்சி தாராளமாக. அளவு கேட்டால், "எல்லாத்துக்கும் ஒரே பேப்பர்தானுங்க."

சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்றால், மூன்றில் இருக்கும் மாவுச்சத்து சுமார் 220 கிராம் சோற்றில் இருப்பதுதான். கவுந்தப்பாடியில் மூட்டை மூட்டையாக ஏலம் போகிற நாட்டுச்சர்க்கரையும் கரும்புச்சாறு காய்ச்சியதுதானே, ரத்தத்துக்கு வித்தியாசம் தெரியாது. ராகியை நைசாக அரைத்துக் கஞ்சியாக்கினால் சீக்கிரம் செரித்து சர்க்கரை விறுவிறுவென ஏறும்.

விடை நம்ம அடுப்பிலேயே இருக்கிறது. அரிசிம்பருப்பு சாதத்தில் அரிசி இரண்டு பங்கு, பருப்பு ஒரு பங்கு போடுவதை மாற்றி, ஆளுக்கு 40 கிராம் அரிசி, 40 கிராம் துவரம்பருப்பு. தட்டில் முதலில் பாதிக்கு அவரைப் பொரியலோ கீரையோ. அதைத் தின்று முடித்த பிறகு சாதம். கொள்ளை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஐந்தாறு விசில். தண்ணியை ரசமாக்கிக் குடித்துவிட்டு, கொள்ளை மாட்டுக்கு வைத்தால் பயனில்லை. நாரும் புரதமும் கொள்ளில்தான். கடைந்து வைத்துக்கொண்டு சோற்றைக் குவித்தாலும் கதை அதேதான். நாலு மணிக்குப் பேக்கரி வேண்டுமென்றால் சர்க்கரையில்லாத டீயோடு எழுந்துவிடுங்கள். தேங்காய் பன்னைத் திரும்பிப் பார்க்கவே கூடாது, கஷ்டம்தான்.

பார்டரிலிருந்து நார்மலுக்குத் திரும்புமா என்றால், நிறையப் பேருக்குத் திரும்பும். 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வில் 7% எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு நடந்தவர்களிடம் நீரிழிவாக மாறுவது 58% குறைந்தது. 2006-இல் வெளியான சென்னை ஆய்வில் உணவு, நடை மாற்றத்தால் 28.5%. 80 கிலோ ஆளுக்கு 7% என்பது ஐந்தரைக் கிலோ சொச்சம். எடை திரும்பினால் சர்க்கரையும் பின்னாலேயே வரும்.

லண்டனிலிருந்து ஊருக்கு வந்த மூன்று வார லீவு முடிவதற்குள் மறுபடி டெஸ்ட் எடுக்காதீர்கள்; கல்யாண விருந்துதான் அதில் தெரியும். மூன்று மாதம் கழித்து இங்கிலாந்திலேயே எடுங்கள். 42-க்குக் கீழே என்றால் அங்கே யாரும் வாய் திறக்கமாட்டார்கள். 38-க்கு, ஊர்க் கணக்கில் 5.6-க்கு, இறங்கியிருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.