பண்டானா: ஒரே பெயரில் விற்கும் ஐந்து சரக்குகள்

ஆன்லைன் கடையில் ‘பண்டானா’ என்று தேடிப் பாருங்கள். மாங்காய் டிசைன் போட்ட பருத்திச் சதுரம் வரும். பைக் ஓட்டுகிறவர்கள் கழுத்தில் மாட்டும் பாலியெஸ்டர் குழாய் வரும். ஹெல்மெட்டுக்குள் போடுகிற, பிடரியில் நாடா வைத்த தொப்பி வரும். அப்புறம் கைக்குழந்தைக்கு எச்சில் துணி, நாய்க்குக் கழுத்துத் துணி. ஐந்துக்கும் பெயர் ஒன்றே. விற்பவரையும் குறை சொல்ல முடியாது, கேட்பவரையும் குறை சொல்ல முடியாது; இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இந்தச் சொல் ஒரு பொருளில் நிலைத்து நின்றதே இல்லை. இந்த மதிப்பீட்டில் பெரும்பகுதி பருத்திச் சதுரத்துக்குத்தான். நல்ல சரக்குக்கும் மட்டமான சரக்குக்கும் வித்தியாசம் அதிகமாக இருப்பதும், வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவதும் அதில்தான்.

முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் முறையை இந்தியில் ‘பாந்த்னூ’ என்பார்கள். குஜராத், ராஜஸ்தான் பாந்தினிச் சேலைக்கும் அதே வேர். 1752ஆம் வருஷத்து, வங்காளத்திலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவொன்று, காசிம்பஜார் வியாபாரிகள் தரவேண்டிய சரக்கில் ‘பண்டானோ’வும் குறைந்துபோனதைச் சொல்கிறது. அன்று அது பட்டு. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் சொல்லகராதியும் அப்படித்தான் சொல்கிறது: மஞ்சள் அல்லது சிவப்புப் பட்டுக் கைக்குட்டை, சாயம் ஏறாமல் அழுத்திவைத்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. இங்கிலாந்தில் மூக்குப்பொடி போடுகிறவர்களுக்கு அது வரப்பிரசாதமாக அமைந்தது. வெள்ளைக் கர்ச்சீப்பில் பழுப்புக் கறை பல்லிளிக்கும். அடர் சிவப்பில் தெரியாது.

சொல் முதன்முதலில் தடம் மாறியது கிளாஸ்கோவில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஹென்றி மான்டீத்தின் சாயப்பட்டறையில் ஒரு முறை பேர்போனது. துருக்கிச் சிவப்பு என்ற, எளிதில் போகாத அடர் சிவப்புச் சாயம் ஏற்றிய பருத்தித் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, டிசைன் வெட்டிய இரண்டு ஈயத் தகடுகளுக்கு நடுவே வைத்து, நீரழுத்த எந்திரத்தில் நெருக்குவார்கள். பிறகு தகட்டின் துளை வழியாக வெளுப்புக் கரைசலைச் செலுத்துவார்கள். கரைசல் இறங்கிய இடம் வெளுத்துவிடும், தகடு கவ்விய இடம் சிவப்பாகவே நிற்கும். முடிச்சும் போயிற்று, பட்டும் போயிற்று. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பக்கத்து ஊரான பெய்ஸ்லி, காஷ்மீர் சால்வையைப் பார்த்து நெய்து பிழைத்த ஊர். நம் நெசவில் மாங்காய் என்று சொல்லும் உருவத்துக்கு ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. புள்ளியை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மாங்காய் நடுவில் வந்து உட்கார்ந்ததும் பின்னாளில் இந்தச் சதுரத்தில்தான்.

இந்தப் பழங்கதை வாங்குகிறவருக்கு நேரடியாக உதவும். இன்றும் நல்ல பருத்திப் பண்டானா என்றால் முழுத் துணிக்கும் சாயம் ஏற்றி, டிசைன் இருக்கும் இடத்தை மட்டும் வெளுத்தெடுத்ததுதான். மலிவுச் சரக்கில் வெள்ளைத் துணியின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறத்தை அச்சடித்திருப்பார்கள். திருப்பிப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சமமாகவோ, கொஞ்சம் மங்கலாகவோ இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். வெளிறிப்போய், டிசைன் நிழல் மாதிரி தெரிந்தால் வைத்துவிடுங்கள். முக்கோணமாக மடித்துக் கட்டும்போது முடிச்சின் இரண்டு வால்களில் ஒன்றாவது பின்பக்கத்தைக் காட்டியே தீரும். ஆன்லைன் கடையில் பின்பக்கப் படம் போடாத சரக்கைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அடுத்தது அளவு. அட்டையில் 22 இஞ்ச் சதுரம் என்று இருக்கும். அளந்தால் பல சமயம் 20, 21தான் வரும். ஒரு இஞ்ச்தானே என்று விட முடியாது, கணக்கு அங்கேதான் உதைக்கிறது. 22 இஞ்ச் சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம் 31 இஞ்ச். பெரியவர்களின் தலைச் சுற்றளவு சுமார் 22 இஞ்ச். முடிச்சுக்கும் வாலுக்கும் சேர்த்து 8 இஞ்சாவது வேண்டும். ஆக 30, ஒரு இஞ்ச்தான் மிச்சம். 20 இஞ்ச் சதுரத்துக்கு மூலைக்கு மூலை 28தான், தலையில் கட்டினால் முடிச்சு விரலுக்குள் நிற்காமல் நழுவும். பருத்தி முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கவும் செய்யும். அடர்ந்த முடி உள்ளவர்களும், தலைச் சுற்றளவு 23ஐத் தாண்டுகிறவர்களும் 27 இஞ்ச் சதுரமாகத் தேடுவது நல்லது. அதில் மூலைக்கு மூலை 38 கிடைக்கும். கழுத்துக்கு மட்டும் என்றால் 20 இஞ்ச் தாராளம்.

துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவு கொசுவலை மாதிரித் தெரிந்தால், இப்போது இருக்கும் விறைப்பு கஞ்சியின் புண்ணியம். இரண்டு விரலுக்கு நடுவே கசக்கினால் மாவு உதிரும், முதல் சலவையோடு துவண்டுவிடும். மூலையோடு மூலை சேர்த்து மடித்துப் பார்ப்பதும் அவசியம். அரை இஞ்சுக்கு மேல் விலகினால் துணியைக் கோணலாக வெட்டியிருக்கிறார்கள். அதை என்னதான் இஸ்திரி போட்டாலும் முக்கோணம் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துத் தைத்திருக்க வேண்டும். வெறும் ஓவர்லாக் போட்டதில் நூல் ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும். பழைய அமெரிக்கப் பண்டானாக்களில் சிலவற்றின் ஒரு பக்கத்தில் தையலே இருக்காது, தறியிலிருந்து வந்த ஓரத்தை அப்படியே விட்டிருப்பார்கள். அது குறையல்ல, சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

சாயம் போவதுதான் எல்லோரும் சொல்லும் புகார், அதிலும் சிவப்பும் கறுப்பும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். லேசாக ஒட்டினால் பரவாயில்லை, மேலே தங்கிய உபரிச் சாயம் இரண்டு மூன்று சலவையில் போய்விடும். திட்டாக ஒட்டினால் வெள்ளைச் சட்டைக் காலருக்கு மேல் அதைக் கட்டாதீர்கள். வியர்வை பட்டால் காலர் போயிற்று. உப்புத் தண்ணீரில், வினிகரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது ஊரெல்லாம் சுற்றும் வைத்தியம். சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்து விற்பனைக்கு வந்த துணியில் அது எதையும் பிடித்துவைக்காது. தனியாக, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் உலர்த்துங்கள். போதும்.

கட்டும் முறையையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் ‘நழுவுகிறது’ என்று ஒரே ஒரு ஸ்டார் கொடுக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் துணியில் கோளாறு இல்லை, முடிச்சில்தான் கோளாறு. 22 இஞ்ச் சதுரத்தை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணத்தின் உயரம் 15½ இஞ்ச். கூர்முனையை அடிப்பக்கத்தோடு சேர்த்து மடித்து, இன்னும் இரண்டு தடவை பாதியாக மடித்தால் சுமார் 2 இஞ்ச் அகலப் பட்டை கிடைக்கும். பட்டையின் நடுவை நெற்றியில் வைத்து முனைகளைப் பிடரிக்குக் கொண்டுபோங்கள். முதல் சுற்றில் வலது முனை இடதின் மேல், இரண்டாம் சுற்றில் இடது முனை வலதின் மேல். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு கோணி நின்று அரை மணியில் அவிழும். மழமழப்பான துணியில் சரியான முடிச்சும் தளரும்; அதற்கு மூன்றாவது சுற்று வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சதுரத்துக்கு ஏறிய அர்த்தங்கள் தனிக் கதை. 1888 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் ஆலன் தர்மன் மூக்குப்பொடிப் பழக்கம் உள்ளவர். அவர் கையிலிருந்த சிவப்புப் பண்டானா கட்சியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தேர்தலில் தோற்றார்கள் என்பது வேறு. 1912இல் தியடோர் ரூஸ்வெல்ட் ஆட்களும் பண்டானாவை வீசித்தான் பிரசாரம் செய்தார்கள். 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் ஆயுதம் ஏந்திய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கழுத்தில் கட்டியதும் சிவப்புதான். மாடு மேய்க்கும் கௌபாய்க்கு அது தூசிக்கு மறைப்பு. 1970களில் ஓரினச் சேர்க்கை ஆண்களிடையே, பின்பாக்கெட்டில் எந்த நிறம், எந்தப் பக்கம் என்பதே ஒரு மொழியாக இருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக் கும்பல்களில் கிரிப்ஸுக்கு நீலம், பிளட்ஸுக்குச் சிவப்பு. அங்கே பல பள்ளிகளின் உடை விதிகளில் பண்டானாவுக்கே தடை உண்டு. பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்புகிறவர்கள் பெட்டியில் வைக்கும் முன் பள்ளி விதியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி குழாய். ஸ்பெயினில் 1990களின் தொடக்கத்தில் பஃப் நிறுவனம் பரப்பிய வடிவம் இது. நம் ஊர் பைக் சாமான் கடைகளில் ‘பண்டானா’ என்றால் இப்போது அநேகமாக இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தட்டையாக வைத்தால் அகலம் 24, 25 சென்டிமீட்டர், நீளம் 50 சொச்சம். வட்டமாகவே பின்னியிருக்க வேண்டும், பக்கவாட்டில் தையல் இருக்கக் கூடாது. தையல் உள்ள போலிகள் ஏராளம். ஹெல்மெட்டுக்குள் அந்தத் தையல் காதுக்கு மேல் கோடு போட்டு வலிக்கும். வாங்கும்போது குறுக்கே இழுத்துவிடுங்கள், உடனே பழைய அகலத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதது பத்து நாளில் மூக்கிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிடும். இழுத்தால் டிசைனுக்கு நடுவே வெள்ளை தெரிவது, இந்தத் துணியில் மேல்பரப்பில் மட்டும் அச்சடிப்பதன் இயல்பு, குற்றமில்லை. சூடான இஸ்திரி கூடாது. துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது; அது இழையில் படிந்தால் வியர்வையை இழுத்து உலர்த்தும் குணம் போய்விடும். சென்னை வெயிலில் சீக்கிரம் உலரும், ஆனால் அன்றாடம் துவைக்காவிட்டால் வாடை பருத்தியைவிட மோசம். தூசிக்கும் வெயிலுக்கும் நன்று. வாகனப் புகையைத் துணி வடிகட்டாது. 2020 ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் முகத்தை மூடப் பண்டானாவும் ஆகும் என்று சொன்னது முகக்கவசம் தட்டுப்பாடாக இருந்த நேரத்துக்கான ஏற்பாடு.

ஹெல்மெட்டுக்குள் முடிச்சுப் போட்ட சதுரம் வேண்டவே வேண்டாம். முடிச்சு பின்மண்டையில் அழுத்தித் தலைவலி தரும், ஹெல்மெட்டையும் தூக்கிவிடும். குழாய் அல்லது தொப்பி மட்டுமே. தொப்பியில் நாடா ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எச்சில் துணி முக்கோணமாகத் தைத்து, பின்னால் டிச் பட்டன் வைத்தது. இரண்டு நிலைப் பட்டன் இருந்தால் குழந்தை வளர வளர உதவும். உள்பக்கம் டெர்ரி துணி (பூந்துவாலைத் துணி) இல்லாதது வெறும் அலங்காரம். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். நாய்க்கு முடிச்சுப் போடும் வகையைவிட, காலர் பட்டை உள்ளே நுழையும்படி தைத்த வகை நல்லது. எங்காவது சிக்கினாலும் கழுத்தை இறுக்காது.

பட்டு என்று விற்கும் சதுரங்களில் பெரும்பாலும் பாலியெஸ்டர் சாட்டின்தான். ஓரத்திலிருந்து ஒரு இழை உருவிக் கொளுத்துங்கள். முடி கருகிய வாசனையும் நொறுங்கும் சாம்பலுமாக இருந்தால் பட்டு; உருகி மணியாக உறைந்தால் பிளாஸ்டிக்.

சொல் கிளம்பிய இடத்துக்கே போய், முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய சதுரம் வேண்டும் என்றால் மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தார் கைவண்ணமான சுங்குடி இருக்கிறது. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் சுங்குடி என்ற பெயரில் விற்பதிலும் இன்று அச்சுத் துணி நிறைய. கையால் கட்டியதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, இஸ்திரி போடாத துணியைத் தடவினால் புள்ளி இருக்கும் இடம் சிறு மேடாகத் தட்டுப்படும். துணியாக வாங்கி முதலில் துவைத்துவிடுங்கள். துவைத்த பின் 44 இஞ்ச் அகலம் நின்றால், 45 இஞ்ச் நீளம் வெட்டி நான்காகப் பிரிக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் தறியின் ஓரம், அதைத் தைக்க வேண்டியதில்லை. மற்ற மூன்று பக்கத்தையும் கால் இஞ்ச் வீதம் இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் சரியாக 21½ இஞ்ச் சதுரம் நிற்கும். மூலைக்கு மூலை 30 இஞ்சுக்கு மேல் வரும். தலைக்குக் கட்டப் போதும்.