ஒரே கோப்பில் ஐவரின் குறிப்புகள்: ஒரு நீரிழிவு மையத்தைப் பற்றிய மதிப்பீடு

16 ஆண்டுகளாக நீரிழிவு உள்ள என் தந்தையாரை, மருத்துவர், செவிலியர், உணவியல் வல்லுநர், மருந்தாளுநர், பாதப் பராமரிப்பாளர் ஆகிய ஐவர் குழுவாகக் கவனிக்கும் மையம் ஒன்றிற்குக் கடந்த ஓராண்டாக அழைத்துச் செல்கிறேன். ஒருவர் கண்டது அடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் இத்தகைய மையத்தில் நான் முதலில் பார்ப்பது.

முந்தைய சுமார் 3 மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, நாங்கள் சேர்ந்தபோது 9.4 சதவீதமாக இருந்தது. முன்பு பார்த்த இடத்தில் இந்த எண் ஏறும்போதெல்லாம் இன்சுலின் அளவையும் ஏற்றினார்களே தவிர, ஊசி போடும் இடத்தை ஒருவரும் தொட்டுப் பார்த்ததில்லை. இங்கே செவிலியர் வயிற்றைத் தடவிப் பார்த்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தியதால் தோலுக்கடியில் கொழுப்புத் தடித்திருப்பதையும், அங்கு செலுத்தும் இன்சுலின் சீராக உடலில் சேராது என்பதையும் விளக்கினார். இடத்தை மாற்றியதும் அதே அளவு மருந்து கூடுதலாக வேலைசெய்து சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும் என்பதால், அவர் அதைக் கோப்பில் எழுதியதோடு நில்லாமல் மருத்துவரிடம் நேரிலும் சொன்னார். மருத்துவர் அளவைக் குறைத்த பிறகே இடம் மாற்றப்பட்டது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கும்படி உணவியல் வல்லுநர் அன்றே பழக்கிவிட்டார். மூட்டுவலிக்காக வேறொருவர் எழுதித் தந்த மாத்திரையில் ஸ்டீராய்டு இருப்பதையும், அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்பதையும் மருந்தாளுநர்தான் கண்டுபிடித்தார். (அந்த மாத்திரையைப் பற்றி நாங்களாகச் சொல்லவில்லை, அவர் பையையே திறந்து காட்டச் சொன்னார்.) ஆறு மாதங்களில் ஹெச்பிஏ1சி 7.6 சதவீதம் ஆயிற்று.

பாதங்களில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பதும், சிறுநீரகப் பாதிப்பை அறியச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் வெளியேறுகிறதா என்று பார்ப்பதும் தவறாமல் நடக்கின்றன.

குறை கண் பரிசோதனையில் இருக்கிறது. அதற்கு வெளியே அனுப்புகிறார்கள். அறிக்கை தானாகத் திரும்பி வருவதில்லை. இரண்டு முறை கேட்டபோதும் "நீங்களே வாங்கி வந்துவிடுங்கள்" என்றார்கள். நாளுக்கு மூன்று முறை விரலைக் குத்திக்கொள்பவருக்கு வரும் மனச்சோர்வைப் பற்றி விசாரிக்கவும் இந்த ஐவரில் யாருக்கும் பொறுப்பு இல்லை.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரங்கள் தருகிறேன். தந்தையாரின் கோப்பில் விழித்திரைக்குரிய பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.