துறவு மடத்து விருந்தினர் இல்லத்தில் கிறிஸ்து பிறப்பு விழா

டிசம்பர் 22 மாலை முதல் 27 காலை வரை, புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) சபைத் துறவியர் நடத்தும் விருந்தினர் இல்லம் ஒன்றில் தங்கியிருந்தேன். விழாவைச் சந்தடியின்றிச் செபத்தில் கழிக்க விரும்புவோருக்கு இத்தகைய இல்லம் ஏற்றதா என்று நண்பர்கள் கேட்டதால், கண்டதை எழுதுகிறேன்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில், மேசை, சுவரில் ஒரு சிலுவை. எல்லாம் துப்புரவாக இருந்தன. வரவேற்பைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சபை ஒழுங்கின் 53ஆம் அதிகாரம் கூறுகிறது. வாயிலில் என் பையை வாங்கிக்கொண்ட துறவி, முதலில் என்னைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று சற்று நேரம் உடன் நின்று செபித்த பிறகே அறைச் சாவியைத் தந்தார். விருந்தினரோடு முதலில் செபிக்க வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில் உள்ளதுதான்.

வெளியே பல நாள்களாகவே விழாக் கோலம் இருக்க, மடத்துக்குள் கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக்காலம் இன்னும் முடியவில்லை. ஊதா உடை, குடிலில் பாலன் இல்லாமல் காலியாக இருந்த தீவனத் தொட்டி, குறைந்த விளக்குகள். டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழ் என்னும் மாலைச் செபத்தில், மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும், முன்மொழிகள் எனப்படும் ஏழு சிறு பாடல் வரிகள் நாளுக்கொன்றாகப் பாடப்படுகின்றன. ஞானமே, தாவீதின் திறவுகோலே, இம்மானுவேலே என்று ஒவ்வொன்றும் மீட்பரை ஒரு பெயரால் விளித்து ‘வாரும்’ என்று வேண்டுகிறது. இலத்தீனில் அந்த ஏழு பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கூட்டினால் ‘ஏரோ க்ராஸ்’, அதாவது ‘நாளை இருப்பேன்’ என்று வரும். நான் கடைசி இரண்டு நாள்களின் முன்மொழிகளை மட்டுமே கேட்டேன். காத்திருப்பதை இவ்வளவு பொறுமையாகக் கற்றுத்தரும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. இங்கே தங்குவதன் பெரும் பயன் இதுவே என்பது என் கருத்து.

24 இரவு விழிப்புச் செபத்தின் முடிவில், உலகப் படைப்பு, ஆபிரகாம், தாவீது, அகுஸ்து பேரரசர் எனக் காலங்களைக் கணக்கிட்டுக்கொண்டே வந்து ஆண்டவரின் பிறப்பை அறிவிக்கும் பழைய பாடலை ஒரே ஒரு துறவி இசைக்கருவி எதுவுமின்றிப் பாடினார். பிறகு அதிபர் தந்தை பாலன் சுருபத்தை ஏந்தி வந்து குடிலில் வைத்தார். திருவருகைக்கால ஞாயிறுகளில் பாடாதிருந்த ‘உன்னதங்களிலே’ என்னும் புகழ்ப்பாடல் அப்போது மணியோசையுடன் எழுந்தது. ஆண்டு முழுவதும் விசுவாச அறிக்கையில் ‘மனிதர் ஆனார்’ என்னும் இடத்தில் தலை வணங்கும் நாம், இவ்விழாவில் முழந்தாளிடுகிறோம். கைத்தடியோடு நின்ற முதிய துறவி ஒருவர் அதற்காக மெல்லக் கீழே இறங்க, பக்கத்திலிருந்த இளம் துறவி அவருடைய முழங்கையைத் தாங்கி, எழும்வரை விடவேயில்லை. மறையுரையில் கேட்டவற்றைவிட அந்தக் காட்சியே என்னோடு வந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. செபப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்புவது என்று யாரும் சொல்லாததால், முதல் நாள் பாதி நேரம் தாளைப் புரட்டுவதிலேயே போனது. ஒரு சிறு அட்டையில் எழுதி வைத்தால் போதும். நள்ளிரவுத் திருப்பலிக்கு மட்டும் வந்த சிலர், இரவு மௌனம் இருப்பதை அறியாமல் தாழ்வாரத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பதிவின்போதே அதைத் தெரிவித்திருக்கலாம். மௌனமாக உணவருந்துவதும் ஒரு நாளில் பலமுறை கோவிலுக்கு எழுந்து செல்வதும் சிறு குழந்தைகளுக்குக் கடினம் என்பதால், குடும்பமாக வர எண்ணுவோர் முன்கூட்டியே விருந்தினர் பொறுப்பாளரிடம் பேசிக்கொள்வது நல்லது.

விடியற்காலைத் திருப்பலியும் பகல் திருப்பலியும் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். விழா எண்கிழமையாக, அதாவது எட்டு நாள் கொண்டாட்டமாக, ஜனவரி 1 வரை நீள்கிறது. மறுநாளே விசுவாசத்துக்காக உயிர் தந்த முதல் மறைச்சாட்சியான ஸ்தேவானின் விழாவுக்காகச் சிவப்பு உடை அணிந்து துறவியர் வந்தபோது, தொட்டிலுக்கு இவ்வளவு அருகில் சிலுவை நிற்பதைக் கண்டு நெடுநேரம் குடிலின் முன் அமர்ந்திருந்தேன். 27ஆம் தேதி வேலையின் பொருட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் முன்மொழியிலிருந்தே கேட்க வேண்டும் என்பதற்காக, அடுத்த ஆண்டு டிசம்பர் 17 முதல் இடம் வேண்டி அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.