குடல் டிபியா, குரோன் நோயா?

வயித்து வலி, லூஸ் மோஷன், வெயிட் எறங்கிட்டே போறது, சாயங்காலமானா லேசா ஜுரம். வியாசர்பாடி, காசிமேடு, ராயபுரம் பக்கம் யாருக்கு இப்படி மாசக்கணக்கா இழுத்தாலும் ரெண்டு சந்தேகம் வரணும், ஒண்ணு குடல் டிபி, இன்னொண்ணு குரோன், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே குடல தாக்கி புண்ணாக்குற நோய். ரெண்டுமே சிறுகுடல் முடிஞ்சு பெருங்குடல் ஆரம்பிக்கிற எடத்துலதான் அதிகமா வரும், அதனாலதான் பெரிய டாக்டருங்களே தடுமாறுறாங்க.

கொலனோஸ்கோபில, அதாவது ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டு பாக்கறதுல, புண்ணோட போக்க பாப்பாங்க. டிபி புண்ணு பெரும்பாலும் குடலுக்கு குறுக்கால சுத்தி வரும், குரோன்ல நீளவாக்குல போகும், நடுநடுவுல நல்லா இருக்கற எடத்த விட்டு விட்டு வரும், முத்திப்போனா கருங்கல் பதிச்ச தரை மாதிரி மேடுபள்ளமா தெரியும். ஆசனவாய்கிட்ட பவுத்திரம் இருந்தா குரோன் பக்கம் சாயலாம். வயித்துல தண்ணி கோத்திருந்தாலோ, சிடி ஸ்கேன்ல நெறிகட்டி நடுவுல செத்துப்போய் தெரிஞ்சாலோ டிபி பக்கம்.

என்னை கேட்டா பயாப்சிதான் (குடல்ல துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது) உயிர்நாடி, அதுவும் ஒரு துண்டு பத்தாது, பல எடத்துல எடுக்கணும். டிபில கிரானுலோமா, அதாவது அழற்சி செல்லுங்க கூடின சின்ன கட்டி, பெருசு பெருசா ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, நடுவுல செத்த திசுவோட இருக்கும். குரோன்ல சின்னதா தனித்தனியா இருக்கும், நிறைய பேருக்கு சிக்கவே சிக்காது. டிபி கிருமியோட மரபணுவ தேடுற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் பாசிட்டிவ்னா டிபினு நம்பலாம், நெகட்டிவ்னா டிபி இல்லனு அர்த்தம் இல்ல, இத நிறைய பேரு தப்பா புரிஞ்சிக்கிறாங்க. தோல்ல ஊசி போட்டு பாக்கற மாண்டூ டெஸ்ட்ட வச்சும் முடிவு பண்ண முடியாது, ஏன்னா நம்ம ஊர்ல நோயே இல்லாத நிறைய பேரு உடம்புலயும் கிருமி தூங்கிட்டு இருக்கும். குடல் அழற்சிய காட்டுறதுக்கு மலத்துல பாக்கற கால்புரோடெக்டின் ரெண்டுலயும்தான் ஏறும், அத வச்சும் பிரிக்க முடியாது.

எந்தப் பக்கம் தப்பு பண்றது மோசம்? குரோன டிபினு நெனச்சா மாசக்கணக்கு வீணாகும், அதுக்குள்ள குடல் சுருங்கி அடைப்பு வரலாம். ஆனா டிபிய குரோன்னு நெனச்சு எதிர்ப்பு சக்திய அடக்குற ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாபோ குடுத்தா கிருமி உடம்பு பூரா பரவி உயிருக்கே ஆபத்தாயிடலாம். அதனாலதான் ரெண்டுங்கெட்டான் கேஸ்ல டிபி மாத்திரைய முதல்ல ஆரம்பிக்கிறாங்க, எனக்கும் அதுதான் சரினு படுது. ரெண்டு மூணு மாசத்துல மறுபடி ஸ்கோப் போட்டு புண்ணு ஆறிச்சானு பாக்கணும். வலி போச்சு, பசி எடுக்குதுனு அந்த ஸ்கோப்ப மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க, குரோன் இருக்கறவங்களுக்கும் கொஞ்ச நாள் தேவலாம் போல இருக்கும், புண்ணு மட்டும் ஆறாது.

டிபி மாத்திரை அரசாங்கத்துல ஃப்ரீ, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிலயே கேக்கலாம். வேற டாக்டர்கிட்ட போறதா இருந்தா லேப்ல சொல்லி பயாப்சி ஸ்லைடும் பிளாக்கும் (சதைய மெழுகுல பதிச்சு வச்ச கட்டி) வாங்கிட்டு போங்க, வெறும் ரிப்போர்ட் பேப்பர் பத்தாது.