மும்பை செம்பூரில் ஒரு நல்ல மரப் பராமரிப்புக் குழு

எங்கள் குடியிருப்பின் வயதான தூங்குமூஞ்சி மரத்தை மழைக்காலத்துக்கு முன் கவாத்து செய்ய இவர்களை அழைத்தோம். மாநகராட்சி அனுமதிக் கடிதத்தைப் பார்த்த பிறகே ரம்பத்தை எடுத்தார்கள். மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் 1975லிருந்தே இருக்கிறது, மதிப்பவர்கள்தான் குறைவு. உச்சியை மொட்டையடிக்கச் சொன்ன செயலாளர் மாமாவிடம், அதன்பின் துளிர்க்கும் கிளைகள் பலமாக ஒட்டாமல் கடற்காற்றில் முறியும் என்று மேற்பார்வையாளர் பொறுமையாக விளக்கினார். கனத்த கிளைகளை முதலில் அடிப்பக்கம் சற்று அறுத்து, பிறகு மேலிருந்து வெட்டியதால் பட்டை உரியவில்லை. கிளை தண்டோடு சேரும் புடைப்பையும் விட்டுவைத்தார்கள். காயம் மூடுவது அங்கிருந்துதான். அதனால் வெட்டிய இடத்தில் தார் பூசவில்லை. தூரை நெரித்த சிமெண்டை உடைத்து மண்ணைத் திறந்துவிட்டார்களே, அதற்கே என் முழு மதிப்பெண்! வெட்டிய கிளைகளை அள்ளத் தாமதித்தார்கள், கட்டணமும் அதிகம். இருந்தாலும் அடுத்த முறையும் இவர்களைத்தான் அழைப்பேன்.