302 எஞ்சின் கட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: என் பாலன்சரையே எனக்கு விற்றார்கள்

டெட்ராய்ட் வட்டாரத்தில் பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எஞ்சினைக் கடையில் விடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் 1989 ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் (302 கன அங்குல) எஞ்சினைப் பிரித்து, வேறு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போட்டு 347 கன அங்குலமாக்கச் சொல்லியிருந்தேன். இந்த எஞ்சினில் கிராங்கைச் சமன்செய்யும் எடையின் ஒரு பகுதி முன்னால் ஹார்மோனிக் பாலன்சரிலும் (ரப்பரின் மேல் வெளிவளையம் பொருத்திய சக்கரம்) பின்னால் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்திலும் இருக்கும். 1989இன் சொந்தக் கிராங்குக்கு அது 50 அவுன்ஸ்-அங்குலம் (எடையை மையத்திலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிய அளவு). நான் வாங்கிய கிராங்குக்கு 28. பழைய 302களுக்கும் 28தான். இதைக் கேட்டபோது கடைக்காரர், "302 என்றால் எல்லாம் ஒன்றுதான், கவலையை விடுங்கள்" என்றார். பில்லில் "புதிய பாலன்சர், எஸ்.எஃப்.ஐ. 18.1" என்று போட்டு 385 டாலர் வாங்கினார். டிராக் பந்தயத்தில் கால் மைலை 10.99 விநாடிக்குள் கடக்கும் வண்டிகளுக்குக் கேட்கும் பாதுகாப்புச் சான்று அது. என் வண்டி அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. வேகமாகச் சுற்றும்போது வெடித்துச் சிதறாது என்ற நிம்மதிக்காகக் கொடுத்தேன்.

வண்டி வந்த நாளே எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டியதும் கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரிந்தது. "புது எஞ்சின், 500 மைல் ஓடினால் அடங்கிவிடும்" என்றார்கள். நம்பி ஓட்டினேன் பாருங்கள், அது என் முட்டாள்தனம்.

பிறகு டைமிங் லைட் (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் விளக்கு) அடித்துப் பார்த்தேன். 10 டிகிரியில் வைத்த பாலன்சர் குறி, அந்த நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாமலே 18 காட்டியது. முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் முட்டி நிற்க ஒரு தடையைத் திருகி, கிராங்கைக் கையால் இருபுறமும் சுற்றி, நின்ற இரண்டு இடங்களையும் குறித்தேன். அவற்றின் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. பாலன்சரின் பூஜ்யக் கோடு அதிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தது. வெளிவளையம் ரப்பரின் மேல் வழுக்கியிருக்கிறது.

புதுப் பாலன்சர் எப்படி வழுக்கும்? கழற்றி, பளபளத்த சிவப்புச் சாயத்தை நகத்தால் சுரண்டினேன். அடியில் துரு. ரப்பர், கோடையில் காய்ந்த ஏரிபோல வெடித்துப் பிதுங்கியிருந்தது. சான்று முத்திரை எங்கும் இல்லை. இன்னும் சுரண்டினால் ஒரு வெள்ளைக் கோடு. சில வருடங்களுக்கு முன் டைமிங் குறி தெரிவதற்காக, தட்டச்சுப் பிழை திருத்தும் வெள்ளையால் நானே இழுத்த கோணல் கோடு அது!

ஃப்ளைவீல் சரியாக 28. முன்னால் மட்டும் என் பழைய 50. மிச்சம் 22 அவுன்ஸ்-அங்குலம் கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். ஆனால் சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 6,000 சுற்றில் 600 கிலோவுக்கு மேற்பட்ட எடை கிராங்கின் முனையைச் சுழற்றிச் சுழற்றி இழுப்பதற்குச் சமம். கிராங்கைத் தாங்கும் முன் மெயின் பேரிங்கின் மேல்பூச்சு ஒரு பக்கம் தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க் ஒவ்வொரு வெடிப்புக்கும் முறுக்கி விடுபடுவதை அடக்குவதும் அந்த ரப்பரின் வேலைதான், அதுவும் போயிற்று.

"ரேஸ் எஞ்சினுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று கையை விரித்துவிட்டார்கள். எஞ்சின் கொடுக்கும்போதே கழற்றும் பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பாலன்சரை மாட்டும் முன் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை. பணத்தைத் திரும்பப் பெற கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்கிறேன். ஆதாரம் கேட்டார்கள், வெள்ளைக் கோட்டின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.