ஜூனோ கரண்ட்: மலைக்கு அந்தாண்ட இருந்து வர்ற வெளிச்சம்

அலாஸ்கா தலைநகர் ஜூனோல எங்க ஊர் கரண்ட் சர்வீஸ் பத்தி ஒரு ரிவ்யூ. பாதிக்கு மேல கரண்ட் ஸ்னெட்டிஷம்ங்கற இடத்துல இருந்து வருது, ரோடே கிடையாது, படகுல, இல்லன்னா வான் வழியாத்தான் போக முடியும். அங்க மலை மேல ஏரி, அதோட அடியில பாறைய குடைஞ்சு தண்ணிய டர்பைனுக்கு இறக்குறாங்க, அப்புறம் லைன் மலை ஏறி இறங்கி, டாகு கழிமுகத்துல கடலுக்கடியில கேபிளா போய் ஊருக்குள்ள வருது. வெளி கிரிட் எதுவும் கிடையாது, இது போச்சுன்னா பெரும்பாலும் டீசல்தான்.

போகவும் செஞ்சுது. 2008 ஏப்ரல்ல பனிச்சரிவு டவர்களை அடிச்சு சாய்ச்சிருச்சு, யூனிட் 11 சென்ட்ல இருந்து 50க்கு மேல ஏறிடுச்சு. நான் அப்போ இங்க இல்ல, பக்கத்து வீட்டு பாட்டி இன்னைக்கும் டிரையர் போடாம அடுப்புக்கு மேல கயிறு கட்டித்தான் துணி காயப்போடுறாங்க, "அப்போ வந்த பழக்கம்பா"ன்னு சிரிக்கிறாங்க. மொத்த ஊரும் சில வாரத்துலயே கிட்டத்தட்ட 30% யூசேஜை குறைச்சுதாம், நம்ம வீட்டுல ஒரு ஃபேனை ஆஃப் பண்ண வைக்கவே எவ்ளோ பாடு!

எனக்கு புடிச்சது, 2001லயே க்ரூஸ் கப்பலுக்கு கரையில இருந்து பிளக் குடுத்தாங்க, உலகத்துலயே முதல்ல இங்கதான். மிச்ச கரண்டை கப்பலுக்கு வித்து வர்ற காசு நம்ம பில்லுல கழியுது.

5க்கு 4. அந்த ஒரு ஸ்டார் பனிச்சரிவுக்கு.